கீரைக்குப் புள்ளி வைத்தது யார்?

பாலக்கீரையைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் ஒருவர் கீரையில் உள்ள இரும்புச்சத்தை அளந்தாராம். கணக்கை எழுதும்போது தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளி விழுந்துவிட்டதாம். உள்ளதைப்போல் பத்து மடங்கு இரும்பு ஏட்டில் ஏறிவிட்டதாம். அதை நம்பித்தான் பாப்பாய் என்ற கார்ட்டூன் மாலுமி டப்பா டப்பாவாகக் கீரையை விழுங்கிப் புஜம் புடைத்து நின்றானாம். ஒற்றைப் புள்ளி உலகத்தையே கீரை தின்ன வைத்துவிட்டது என்று கதை முடியும். கணக்கு வகுப்பிலும் சொல்லலாம், அறிவியல் வகுப்பிலும் சொல்லலாம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நூலகப் பாடவேளையில் இதைச் சுவரிதழுக்கு எழுதிக்கொண்டு வந்தால், "நல்லா இருக்கும்மா, ஒட்டு" என்றுதான் நூலகர் சொல்வார். குறை சொல்ல முடியாது. கதைக்குக் காட்டப்படும் ஆதாரம் அப்படிப்பட்டது.

பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், 1981 டிசம்பர். எழுதியவர் டெரன்ஸ் ஹேம்ப்ளின் என்ற மருத்துவர். இதழும் பெரிது, ஆளும் தெரிந்தவர். 1930களில் ஜெர்மானிய வேதியியலாளர்கள் கீரையை மறுபடி அளந்து பழைய பிழையைக் கண்டுபிடித்தார்கள் என்று அந்தக் கட்டுரையில் வருகிறது. அதன்பின் ஆய்வாளர்கள் அந்தக் கட்டுரையைக் காட்டி எழுதினார்கள். அவர்களைக் காட்டி மற்றவர்கள் எழுதினார்கள்.

நாட்டிங்காம் ட்ரென்ட் பல்கலைக்கழகத்தில் குற்றவியலாளராக இருந்த மைக் சட்டன், இந்த நூலின் முனை எங்கே இருக்கிறது என்று இழுத்துப் பார்த்தார். 2010இல் அதை எழுதினார். ஹேம்ப்ளின் கட்டுரையில் அந்த வரிக்கு ஆதாரமே இல்லை. ஹேம்ப்ளினையே கேட்டார். எங்கே படித்தேன் என்று நினைவில்லை என்றார் அவர். புள்ளி தவறிய ஜெர்மானியத் தாளும் அகப்படவில்லை. பாப்பாய் சங்கதியும் அப்படியே. 1932இல் வந்த ஒரு சித்திரத் தொடரில் கீரை தின்னும் காரணத்தைப் பாப்பாயே சொல்கிறான்: அதில் வைட்டமின் ஏ இருக்கிறதாம். இரும்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. 2014இல் ஓலே ப்யோர்ன் ரெக்டால் என்ற நார்வே மானுடவியலாளர், கல்வியாளர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதும் வழக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று 1995இல் வந்த மருத்துவக் கட்டுரை. சரியான மேற்கோள் இல்லாமல் பொய்த் தகவல் எப்படிப் பரவுகிறது என்பதுதான் அந்த மருத்துவக் கட்டுரையின் பொருள். அதற்கு அது சொல்லும் உதாரணம் கீரையின் தசமப் புள்ளி! இரண்டாம் கை, மூன்றாம் கை மேற்கோளைப் பற்றி எச்சரிக்க வந்தவரே இரண்டாம் கையில் வாங்கியதைக் கொடுத்திருக்கிறார். பொய் என்று நிரூபிக்க வந்த தகவலும் பொய்யாகிப் போனதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு என்பதை மறைக்கவில்லை.

சரி, உண்மையில் எவ்வளவு? இதற்கு ஐரோப்பா வரை போக வேண்டாம். ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் இந்திய உணவுகளின் ஊட்டச்சத்து அட்டவணையை வெளியிட்டது. மொத்தம் 528 உணவுப் பொருள்கள். நாடெங்கும் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் அளந்த எண்கள். பச்சைப் பாலக்கீரை 100 கிராமில் இரும்பு சுமார் 3 மில்லிகிராம். இதே கீரையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். காயவைத்து அளந்தால் எடை சுருங்கும், எண் பத்து மடங்கு போல ஏறும். காய்ந்த கீரையின் எண்ணைப் பச்சைக் கீரையின் எண்ணாக எடுத்துக்கொண்டால் புள்ளி தவறாமலே பத்து மடங்குப் பிழை வந்துவிடும். தவிர, தாவர இரும்பு உடலில் எளிதில் சேர்வதில்லை. எவ்வளவு இருக்கிறது என்பதும் எவ்வளவு உடலில் சேரும் என்பதும் வேறு வேறு கேள்விகள்.

இந்த நிறுவனத்தின் வேர் நம் குன்னூரில் இருக்கிறது. 1918இல் அங்கே ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு பிரிவுதான் பிற்பாடு ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஹைதராபாதுக்கு இடம் மாறியது. இந்திய உணவுகளின் சத்து மதிப்பு பற்றிய முதல் கையேட்டை அங்கே பணியாற்றிய ஏக்ராய்டு 1937இல் வெளியிட்டதும் குன்னூரில் இருந்துதான். அதன் பிற்காலப் பதிப்புகள் பழைய நூலகங்களின் அலமாரியில் இன்றும் கிடைக்கலாம். அங்கேதான் நூலகருக்கு வேலை. அலமாரியில் இருக்கும் புத்தகம் நம்பத்தகுந்தது, ஆனால் அதன் எண்கள் பழையவை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த கலைக்களஞ்சியத்துக்கும் இதே கதிதான். சோழர் கோயிலைப் பற்றியோ பட்டுப்புழுவின் பருவங்களைப் பற்றியோ கேட்கும் பிள்ளைக்கு அதைத் தயங்காமல் எடுத்துக் கொடுக்கலாம். கோள்கள் எத்தனை என்று கேட்டால் கொடுக்க முடியாது. 2006 ஆகஸ்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவைப் பட்டியலிலிருந்து இறக்கிவிட்டது. 'புதிய நூலையே பார்' என்று பொதுவாக விதி வகுப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. எது பழசாகும், எது ஆகாது என்பது பாடத்துக்குப் பாடம் மாறும்.

வகுத்த விதிகளில் மிகப் பரவலானது 2004இல் வந்தது. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிகோ வளாக நூலகர் சாரா பிளேக்ஸ்லீ ஐந்து சோதனைகளைத் தொகுத்தார்: புதியதா, நம் கேள்விக்குப் பொருந்துகிறதா, எழுதியவர் யார், சரியாக இருக்கிறதா, எதற்காக எழுதப்பட்டது. அச்சுப் புத்தகக் காலத்துக் கேள்விகளாகப் பார்த்தால் எல்லாம் சரிதான். ஆனால் பிள்ளைகள் இதை டிக் அடிக்கும் பட்டியலாக எடுத்துக்கொண்டு, ஓர் இணையப் பக்கத்தின் மேலிருந்து கீழ் வரை விடையைத் தேடினார்கள். முகவரி '.ஆர்க்' என்று முடிகிறதா? டிக். 'எங்களைப் பற்றி' என்று ஒரு பக்கம் இருக்கிறதா? டிக். பணம் கட்டினால் யாரும் '.ஆர்க்' வாங்கலாம். 'எங்களைப் பற்றி' பக்கத்தில் தன்னைப் பற்றி யார் கெட்டதாக எழுதிக்கொள்வார்கள்?

இந்த இடத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் செய்த ஆய்வைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். 2017இல் முதலில் வெளிவந்தது. 45 பேரை எடுத்துக்கொண்டார்கள்: முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாய்வாளர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர், பத்திரிகைத் துறையில் தகவல் சரிபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர். பள்ளியில் பிள்ளைகள் ஒருவரையொருவர் சீண்டித் துன்புறுத்துவதைப் பற்றிய இரண்டு பக்கங்களைத் திரையில் காட்டி, எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ்: 1930இல் தொடங்கியது, அறுபதாயிரத்துக்கு மேல் உறுப்பினர்கள். மற்றது அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷியன்ஸ். பெயரைக் கேட்டால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பின்னது, தன்பாலினப் பெற்றோர் குழந்தையைத் தத்தெடுப்பதை அகாடமி ஆதரித்தபோது அதை எதிர்த்து 2002இல் பிரிந்துபோன சிறு குழு. பக்கம் மட்டும் பளிச்சென்று, அடிக்குறிப்போடு, விளம்பரமே இல்லாமல் இருந்தது.

சரிபார்ப்பவர்கள் பத்துப் பேரும் அகாடமியைத்தான் சொன்னார்கள். வரலாற்றாய்வாளர்களில் பாதிப் பேர். மாணவர்களில் ஐந்தில் ஒருவர். ஆவணத்தைக் கேள்வி கேட்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர்கள் வரலாற்றாய்வாளர்கள். அவர்களே சறுக்கினார்கள். காரணம், அவர்கள் நன்றாகப் படித்தார்கள்! கொடுத்த பக்கத்தை மேலும் கீழும் கவனமாக வாசித்து, நடை, சின்னம், அடிக்குறிப்பு என்று உள்ளுக்குள்ளேயே சான்று தேடினார்கள். சரிபார்ப்பவர்களோ சில நொடிகளில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறினார்கள். புதிய டேப்களைத் திறந்து, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். தேடல் முடிவில் முதலில் வந்ததைத் தட்டிவிடாமல், பட்டியல் முழுவதையும் ஒருமுறை நோட்டம் விட்டார்கள். பல பேர் விக்கிப்பீடியாவுக்குப் போனார்கள். அதன் உடலை விட்டுவிட்டு, அடியில் உள்ள மேற்கோள்களில் இறங்கினார்கள். கொஞ்சமாகப் படித்து நிறையத் தெரிந்துகொண்டார்கள் என்கிறது ஆய்வு.

நம் ஊரில் யாரும் மாப்பிள்ளையின் குணத்தை மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. தெருமுனை மளிகைக் கடையில் விசாரிப்பார்கள், அவர் வேலை பார்க்கும் இடத்தில் தெரிந்தவர் யாராவது உண்டா என்று பார்ப்பார்கள். இணையத்துக்கு வந்ததும் இந்தச் சாமர்த்தியம் ஏனோ கைவிட்டுப் போகிறது. இதையும் அதே ஸ்டான்ஃபோர்டு குழுதான் கணக்கெடுத்தது. 2019இல் வெளிவந்த அந்த ஆய்வில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 3,446 பேர். பருவநிலை மாற்றம் பற்றிய ஓர் இணையதளத்துக்குப் பின்னால் எரிபொருள் நிறுவனங்களோடு தொடர்பு இருந்ததை 96 சதவீதம் பேர் பொருட்படுத்தவே இல்லை.

அக்கம்பக்கத்தில் விசாரிப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. அக்கம்பக்கத்தார் எல்லோரும் ஒரே ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களாக இருக்கலாம். 2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர் விளையாட்டாக, கோட்டி என்ற விலங்குக்கு 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்றும் பெயர் உண்டு என விக்கிப்பீடியாவில் சேர்த்தார். கோட்டி ரக்கூன் இனம். ஆர்ட்வார்க் ஆப்பிரிக்கக் கறையான்தின்னி. ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிரிட்டிஷ் நாளிதழ்கள் அந்தப் பெயரை எடுத்தாண்டன, ஒரு பல்கலைக்கழகப் பதிப்பக நூலில்கூட ஏறியது. பிறகு அந்த நாளிதழ்களில் ஒன்றே விக்கிப்பீடியாவில் ஆதாரமாக வந்து அமர்ந்தது. 2014இல் நியூயார்க்கர் இதழ் இதை எழுதும் வரை யாரும் கவனிக்கவில்லை. ஆக, பத்து இடத்தில் இருக்கிறது என்பது பத்துச் சாட்சி ஆகாது. பத்தும் எந்த நாளுக்குப் பின் தொடங்குகின்றன என்று பார்த்தால் குட்டு வெளிப்படும்.

நம் வாட்ஸ்அப்புக்கும் வருவோம். திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் எல்லாம் மூன்று நொடி நின்றுவிடுகின்றன, நாசா விஞ்ஞானிகள் வியந்தார்கள் என்ற செய்தி எத்தனையோ வருடமாகச் சுற்றுகிறது. ஒவ்வொரு பள்ளியிலும் ஏதாவது ஒரு பிள்ளை இதைக் கொண்டுவரும். பக்தியைப் புண்படுத்தாமல் இதை எப்படிக் கையாள்வது? பிள்ளையிடமே மூன்று கேள்வி கேட்கலாம். எந்தச் செயற்கைக்கோள்? எந்தத் தேதி? நாசாவில் யார், எந்த அறிக்கையில்? மூன்றுக்கும் செய்தியில் விடை இல்லை. பெயர், நாள், இடம் மூன்றையும் தவிர்த்துவிட்டு எழுதிய செய்தியை எந்த ஆதாரத்தோடும் ஒட்டிப் பார்க்க முடியாது. பத்தாம் வகுப்பு என்றால் கொஞ்சம் இயற்பியலும் சேர்க்கலாம். 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏறக்குறைய 7.6 கிலோமீட்டர் ஓடினால்தான் பாதையில் நிலைக்கும். நின்றால் விழத் தொடங்கும். மூன்று நொடியில் சுமார் 38 மீட்டர் இறங்கியிருக்கும். அதன்பிறகு அந்த வேகத்தை மறுபடி பிடிக்க ஒரு ராக்கெட் வேண்டும். கோயிலுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை.

இப்போது நூலகரின் மேசைக்குப் புது வகைச் சிக்கல் வந்திருக்கிறது. 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழின் இணைப்பில் கோடை விடுமுறையில் படிக்க 15 புத்தகங்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. எழுதியவர்கள் எல்லாம் நிஜ எழுத்தாளர்கள், இசபெல் அயெண்டே உட்பட. ஒவ்வொன்றுக்கும் கதைச் சுருக்கம் வேறு. அவற்றில் 5 மட்டுமே உண்மையில் உள்ள புத்தகங்கள். மற்ற பத்தும் செயற்கை நுண்ணறிவு இட்டுக்கட்டியவை. இங்கே பக்கத்தின் தோற்றமும் எழுத்தாளரின் பெருமையும் துணைக்கு வராது. நூலகர்களுக்கென்றே உள்ள பழைய கருவிகள்தான் வேண்டும்.

முதல் கருவி புத்தகத்தின் பின்னட்டையிலேயே இருக்கிறது. பதின்மூன்று இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணின் கடைசி இலக்கம் காவலுக்கு வைத்தது. இலக்கங்களை இடமிருந்து 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் விடை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். 9780306406157 என்பதைப் போட்டுப் பாருங்கள், 100 வரும். ஓர் இலக்கம் தவறினாலும் கணக்கு உடைந்துவிடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிபடும். அவற்றின் வித்தியாசம் சரியாக 5 என்றால் மட்டும் தப்பிவிடும். ஏனென்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லலாம், நல்ல கணக்கு. இட்டுக்கட்டிய எண் குருட்டாம்போக்கில் தேறும் வாய்ப்பு பத்தில் ஒன்று. தேறிவிட்டால் அடுத்து வேர்ல்டுகேட் போன்ற கூட்டு நூற்பட்டியல், பதிப்பகத்தின் சொந்தப் பட்டியல், எழுத்தாளரின் நூல் வரிசை. எங்கேயும் அகப்படாத புத்தகத்தை வாங்கித் தரும்படி தலைமையாசிரியர் கேட்டிருந்தால், இல்லாத புத்தகத்துக்கு விலைப்புள்ளி கேட்பதற்கு முன் அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று அவரிடமே கேட்டுவிடலாம்.