ஆகாயத்தில் திண்ணைப் பள்ளிக்கூடம்

2024-ஆம் வருஷம் அக்டோபர் 11-ஆம் தேதி, சரஸ்வதி பூஜை. புத்தகங்களையெல்லாம் பூஜையில் அடுக்கிவிட்டபடியால் என்னைப்போன்ற உபாத்தியாயர்களுக்கு வேலையில்லாத நாள். அன்று மாலை திருச்சிராப்பள்ளியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம், ஹைட்ராலிக் சாதனம் பழுதுபட்டு, எரிபொருளைக் குறைத்துக்கொள்வதற்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் வட்டமிட்டது. தஞ்சாவூரில் நாங்கள் தொலைக்காட்சியின் முன் கைகூப்பி உட்கார்ந்திருந்தோம். இரவு எட்டேகால் மணி சுமாருக்கு அது பத்திரமாக இறங்கியது. மேலேயிருந்தவரும் கீழேயிருந்தவரும் அத்தனை நேரம் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று என் மனம் ஆராயத் தொடங்கியது.

விசாரித்தால், அது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து முறைதான். சட்டாம்பிள்ளை சொல்வதைப் பிள்ளைகள் திருப்பிச் சொல்வதுபோல, நிலையத்து அதிகாரி கூறும் உயரம், திசை, ஓடுபாதை ஆகியவற்றை விமானி தம் விமானத்தின் அடையாளப் பெயரோடு திருப்பிச் சொல்ல வேண்டும். "ரோஜர்" என்று தலையாட்டினால் போதாது. பிழையிருந்தால் அதிகாரி உடனே திருத்துவார். ஒன்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஐந்தைப்போல் காதில் விழக்கூடுமென்று, அதை "நைனர்" என்றே உச்சரிக்கச் செய்திருக்கிறார்கள்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? 1996 நவம்பர் 12-ஆம் தேதி மாலை, டில்லிக்கு மேற்கே ஹரியானாவிலுள்ள சர்க்கி தாத்ரியின் மேலே நடந்ததைக் கேளுங்கள். டில்லியிலிருந்து ஏறிய ஸவூதி விமானத்துக்கு 14,000 அடி; டில்லியை நோக்கி இறங்கிய கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. அக்காலத்து டில்லி ராடார் விமானத்தின் உயரத்தைக் காட்டாது. ஆகையால் வாய்ச்சொல் ஒன்றே அதிகாரிக்குக் கண். எதிரே ஒரு விமானம் வருகிறதென்று எச்சரித்தார். கஜக் விமானத்திலிருந்து பதிலும் வந்தது. ஆனால் பதில் சொன்னவர் ரேடியோக்காரர். விமானத்தை ஓட்டிய கைகளோ வேறு! விமானிகளுக்கு ஆங்கிலப் பழக்கம் குறைவு. பின்னால் அமர்ந்திருந்த ரேடியோக்காரருக்குத் தனி உயரமானி கிடையாது. உத்தரவான உயரத்துக்கும் கீழே விமானம் இறங்கிவிட்டது. இரு விமானங்களிலுமாக 349 பேர் மாண்டனர், ஒருவர்கூடத் தப்பவில்லை.

பாடத்தை ஒருவன் ஒப்பிக்க, பரீட்சையை வேறொருவன் எழுதிய கதை இது. வகுப்பில் அப்படி நடந்தால் மதிப்பெண்தான் போகும்.

நீதிபதி லஹோத்தி தலைமையில் விசாரணை நடந்தது. விமானங்கள் நெருங்கினால் விமானியையே நேரில் எச்சரிக்கும் கருவியை இந்திய அரசாங்கம் கட்டாயமாக்கியது. அயல்நாடுகளுக்குப் பறக்கும் விமானிகளும் அவர்களோடு பேசும் அதிகாரிகளும் ஆங்கிலப் பேச்சில் ஆறு படிகளில் நாலாவதையாவது எட்டவேண்டுமென்று சர்வதேச விதி பிற்பாடு வந்தது. நாலாம் படியோடு நிற்பவர்கள் மூன்று வருஷத்துக்கொருமுறை மறுபடியும் பரீட்சைக்கு உட்கார வேண்டுமாம். இப்போது திரையிலேயே உயரம் தெரிகிறது. ஆயினும் திருப்பிச் சொல்லும் வழக்கத்தை எவரும் விட்டுவிடவில்லை.