ஓடாவிக்கு ஒரு சீஎன்சி

பள்ளிவாசல் மிம்பருக்கு எட்டு முனை நட்சத்திர வேலைப்பாடு கேட்டால் காத்தான்குடி ஓடாவி முதலில் கவராயத்தை எடுப்பார். வட்டம் போட்டு, எட்டாகப் பிரித்து, கோடிழுத்து, பிறகுதான் உளி. சீஎன்சி ரவுட்டருக்கு அந்தப் படத்தைக் கணினியில் வரைந்து கொடுத்தால் போதும். சுழலும் பிட்டை நீளம், அகலம், ஆழம் என மூன்று பக்கமும் நகர்த்தி மரத்தைக் குடைந்து தரும்.

1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இத்தகைய இயந்திரத்தை முதலில் காட்டியபோது கட்டளைகள் துளையிட்ட நாடாவில் இருந்தன. 2009இல் ஜி.ஆர்.பி.எல். என்ற இலவச நிரல் வந்த பின், சின்ன ஆர்டுயினோ மின்சுற்றுப் பலகை ஒன்றே இயந்திரத்தை ஓட்டப் போதுமென்றாயிற்று. விலை இறங்கியது, பழகுவது மட்டும் இலேசாகவில்லை.

வேகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 18,000 சுற்று, பிட்டில் இரண்டு வெட்டு விளிம்புகள், ஒவ்வொன்றும் 0.05 மில்லிமீற்றர் சீவ வேண்டும்: பெருக்கினால் பிட் நிமிடத்துக்கு 1,800 மில்லிமீற்றர் நகர வேண்டும். புதியவர் பயந்துபோய் இதை மிகவும் குறைத்தால் பிட் சீவாமல் உரசும். சீவல் விழ வேண்டிய இடத்தில் மாவு கொட்டும், முதிரைப் பலகை கருகி மணக்கும், கூரும் போய்விடும்.

இன்வென்டபிள்ஸ் நிறுவனத்தின் ஈசல் மென்பொருள் இந்தக் கணக்கைத் தானே ஏற்றுக்கொண்டது. என்ன மரம், எவ்வளவு தடிப்பு, எந்த பிட் என்று கேட்டு வேகத்தையும் ஆழத்தையும் அதுவே சொல்லும். வெட்டிய பின் பலகை எப்படியிருக்கும் என்று முன்கூட்டியே காட்டும். ஓடாவி கேட்கிற கேள்விகள்தான் இவை. தமிழிலேயே கேட்டு, பட்டியலில் முதிரை, தேக்கு, வேம்பு என்று போட்டால் எங்கள் பட்டறைப் பிள்ளைகள் எத்தனை சீக்கிரம் பழகுவார்கள்!

எனக்கு இன்னும் பிடித்தது, எம்.ஐ.டி.யில் அலெக் ரிவர்ஸ் குழுவினர் 2012இல் காட்டிய வழி. ரவுட்டரைக் கையால்தான் தள்ள வேண்டும். கமரா இடத்தைப் பார்த்துக்கொள்ளும். கை சற்று விலகினாலும் பிட் கோட்டிலேயே நிற்கும். பின்னர் ஷேப்பர் ஒரிஜின் என்று சந்தைக்கு வந்தது அதுதான்.

மேசையில் தானே நகரும் சீஎன்சி ரவுட்டரிலோ பலகையின் மேற்பரப்பு எங்கே என்று நாம்தான் காட்ட வேண்டும். பிட் சுழலாமல் நிற்கும்போது பலகைமேல் மெல்லிய கடதாசி வைத்து, பிட்டைச் சிறிது சிறிதாக இறக்கிக்கொண்டே கடதாசியை இழுத்துப் பாருங்கள். இலேசாகப் பிடிக்கும் இடம்தான் பூச்சியம். வெட்டுமுன் பிட்டைப் பலகைக்கு மேலே நன்றாக உயர்த்தி, அந்த உயரத்தையே தற்காலிகப் பூச்சியமாக வைத்து, முழு வேலையையும் ஒருமுறை வெறுங்காற்றில் ஓட்டிவிட்டு, பூச்சியத்தைப் பழைய இடத்துக்கே மாற்றுங்கள். கோலம் பலகையின் விளிம்பைத் தாண்டுகிறதா, பிட் போகும் வழியில் கிளாம்ப் நிற்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.