சுவரேற மறுக்கும் ரோபோ

மறைமலை நகரைச் சுற்றி ஜி.எஸ்.டி. சாலையோரம் எழும்பியிருக்கும் அடுக்ககங்களில் நீச்சல் குளம் இன்று அபூர்வமில்லை. அதைத் தேய்த்துக் கழுவ ரோபோ வாங்கியவர்கள் சொல்லும் புகார்களில் முதலிடம் இதற்குத்தான்: "தரையில நல்லா ஓடுது சார், சுவர்லதான் ஏற மாட்டேங்குது." கூடவே, "மோட்டார் போயிருக்கும்" என்ற தீர்ப்பும் வந்துவிடும். பெரும்பாலும் மோட்டார் போயிருக்காது.

கரையில் பத்து கிலோ அளவு கனக்கும் இந்த எந்திரம், உள்ளிருக்கும் மிதவைகளால் நீருக்குள் ஏறக்குறைய எடையிழந்துவிடுகிறது. வயிற்றுப் பக்கம் நீரை உறிஞ்சி, வடிகட்டி வழியாக இழுத்து, முதுகுப் பக்கம் பீய்ச்சுகிறது பம்ப். அந்தப் பீய்ச்சலின் எதிர்விசைதான் எந்திரத்தைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கிறது. வடிகட்டி அடைத்தால் நீரோட்டம் குறையும், பிடி தளரும், எந்திரம் சரியும்.

சோதிப்பது எளிது. வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓடவிட வேண்டும். ஏறினால் குற்றவாளி வடிகட்டி. அப்போதும் ஏறாவிட்டால் சுவரில் பாசி வழுக்குகிறதா, பிரஷ் தேய்ந்துவிட்டதா, பம்பின் விசிறியில் தலைமுடி சுற்றியிருக்கிறதா என்று பார்க்கலாம். ஒரே இடத்தில் வட்டமடித்தால் ஒரு பக்கச் சக்கரமோ பட்டையோ சிக்கியிருக்கும்.

வடிகட்டியை அடைப்பது வேப்பிலை மட்டும் என்று நினைத்தால் தவறு. நம் பக்கத்தில் பெரிய வில்லன் பிளீச்சிங் பவுடர். அதில் பயன்தரும் குளோரின் மூன்றில் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சரக்கு. கரையாத அந்தத் தூள் தரையில் படிகிறது. கண்ணகன்ற வடிகட்டி அதைப் பிடிக்காமல் திரும்ப நீரில் கலக்கிவிட, பழி ரோபோ மேல் விழுகிறது. நுண்வடிகட்டியோ அரை மணியில் அடைத்துக்கொள்கிறது. போர்வெல் நீர் ஏற்கெனவே கடினநீராக இருந்தால் சிக்கல் இரட்டிப்பு: பவுடர் காரத்தன்மையை ஏற்ற, வெயில் நீரைச் சூடாக்க, கால்சியம் கார்பனேட் வெள்ளைப் படலமாகப் படியும். நீர் எப்போது சுண்ணாம்பைப் படியவிடும் என்று கணக்கிட 1936-இல் லாஞ்சலியர் என்பவர் வகுத்த குறியீடு இன்றும் குளங்களுக்குப் பயன்படுகிறது. பி.எச். 7.2 முதல் 7.6-க்குள் இருந்தால் ரோபோவின் ஆயுளும் நீளும். வெள்ளைப் படலம் பிடித்த வடிகட்டியை நீர்த்த வினிகரில் ஊறவைத்து அலசலாம். ஆனால் பிளீச்சிங் பவுடர் பட்ட வாளியில் வேண்டவே வேண்டாம். அமிலம் பட்டால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும்.

இறக்கியதும் ரோபோ மிதந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. நீருக்குள் பிடித்துப் புரட்டினால் குமிழிகள் வெளியேறிவிடும். முறுக்கிய கேபிளை வெயிலில் நீட்டிப் போட்டால் நேராகும். எந்திரத்தை மட்டும் நிழலில் வைக்க வேண்டும், பிளாஸ்டிக் வெயிலுக்குத் தாங்காது. குளோரினை அதிகம் போடும் நாளில் நீருக்குள் விட்டுவைக்கக் கூடாது. கரையில் வைத்து ஓட்டிப் பார்ப்பதும் கூடாது. மோட்டார் குளிர்வது குளத்து நீரால்தான்.

மோட்டார் பெட்டியைத் திறக்கும் ஆசை மறைமலை நகர்த் தொழிற்பேட்டைக்காரர்களுக்குச் சட்டென்று வரும். கையில் ஸ்பேனர் இருந்தால் யாருக்குத்தான் வராது? முத்திரையிட்ட அந்தப் பெட்டியை ஒருமுறை திறந்து மூடினால் நீர்க்காப்புக்கு உத்தரவாதமில்லை. 230 வோல்ட் மின்சாரத்தை 30 வோல்ட்டுக்கும் கீழே இறக்கித் தரும் கரைப்பெட்டியும் தண்ணீர் தெறிக்காத தூரத்தில், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் வழியாகவே இணைந்திருக்க வேண்டும்.