அஞ்சடி இருந்த ரஹாங்

சிரம்பானில் உள்ள ரஹாங்கின் வரிசை வீடுகள் ஒரே வரைபடத்தில் எழுந்தவை. ஆனால் ஒரு வீட்டு இரும்புக் கேட்டில் மயில் தோகை விரிக்கிறது, அடுத்த வீட்டில் வெறும் நெடுங்கம்பிகள். ஒரு தூணுக்கு ஓடு பதித்திருக்கிறார்கள், இன்னொன்றுக்கு மஞ்சள் பூசியிருக்கிறார்கள். நிலையில் மாவிலை, மதிலோரத்தில் துளசி. வடிவமைப்பு படிக்காதவர்கள் தாங்களே வடிவமைத்துக்கொண்ட தெரு இது.

தாங்களே வடிவமைக்கும் இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று அறிய, தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்துக்குத்தான் போக வேண்டும்.

சிரம்பானைச் சுற்றி ரப்பர் நின்ற காலத்தில் நம்மவர் குடியிருந்த வீடு தோட்டத்தின் சொத்து. வேலை போனால் வீடும் போகும். பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை, பின்னாளில் தகரம். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய பழைய லயங்களில் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழியில்லை. நண்பகலில் தகரத்தின் கீழ் உட்கார முடியாது. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த தனிச் சட்டம் 1966இல்தான் வந்தது. 1990இல் அதற்குப் பதிலாக இன்னும் விரிவான சட்டம் வந்தது. இந்தக் கணக்கை மறந்துவிட்டு லயத்தின் அழகைப் பேசுவது அங்கே வாழ்ந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஆனாலும் அந்தக் கட்டடத்தில் ஓரிடம் மிகச் சரியாக அமைந்திருந்தது. அது அஞ்சடி. கதவுகளுக்கு முன்னால், கூரைச் சரிவின் கீழ், லயத்தின் நீளம் முழுக்க ஓடும் நடை. பின்னாளில் ஐந்தடி என்று பெயர் பெற்ற கூரையிட்ட நடைபாதையைக் கடை வீடுகளின் முன் விட வேண்டும் என்று ராபிள்ஸ் 1822இல் சிங்கப்பூருக்கு வகுத்த விதி, மலேசியப் பட்டணங்களுக்கெல்லாம் பரவியது. பட்டணத்தில் அது வழிப்போக்கருக்கு நிழல் தந்தது. தோட்டத்தில் அதுவே எல்லோருக்கும் கூடமானது. பால் வெட்டி வந்த பெண்கள் அரிசி புடைத்ததும், பிள்ளைகள் பாடம் எழுதியதும், கிழவர்கள் வெற்றிலை இடித்ததும் அங்கேதான். எந்த வீட்டு விருந்தாளியும் முதலில் எல்லா வீட்டுக்கும் விருந்தாளி.

சிரம்பானைத் தலைநகராகக் கொண்ட நெகிரி செம்பிலானில் கட்டடக் கலை என்றால் ஸ்ரீ மெனாந்தியின் பழைய அரண்மனைக்குத்தான் அழைத்துப் போவார்கள். தகும். 1902இல் தொடங்கி 1908இல் முடிந்த அந்த அரண்மனையில் 99 தூண்கள். ஆணியே இல்லாமல் மரத்தோடு மரம் கோத்திருக்கிறார்கள். சிரம்பான் ஏரிப் பூங்காவருகே 1960களில் எழுந்த மாநிலப் பள்ளிவாசல், 'ஒன்பது நாடுகள்' என்று பொருள்படும் மாநிலத்தின் பெயரையே ஒன்பது தூண்களில், கான்கிரீட்டில் சொல்லிவிடுகிறது. நான் இரண்டையும் அண்ணாந்து பார்த்து வியப்பவன். ஆனால் நாள்தோறும் குடியிருக்கும் வீட்டுக்கு யோசனை தேடும்போது எனக்கு அஞ்சடிதான் அதிகம் உதவுகிறது.

1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தொழிலாளர்களே தோட்டம் வாங்கட்டும் என்று அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் அதுவும் போய்த் தாமான் எனும் வீடமைப்புப் பகுதி வந்தது. வங்கிக் கடனிலானாலும் தன் பெயரில் ஒரு வீடு. இனி எந்தச் சுவரில் ஆணி அடிக்கவும் தோட்டத்துக் கிராணியையோ துரையையோ கேட்க வேண்டியதில்லை. அந்த மயில் கேட்டை இப்படித்தான் நான் பார்க்கிறேன். வீட்டைத் தொட உரிமை கிடைத்த முதல் தலைமுறையின் கைவேலை அது. ஆடம்பரம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இழப்பும் உண்டு. அஞ்சடி இருந்த இடத்தில் இன்று கார் நிற்கிறது. வீட்டுக்கு வீடு மதில். அண்டை வீட்டு அக்காவிடம் பேசக் கேட்டைத் திறந்து தெருவுக்கு வர வேண்டியிருக்கிறது. புதிதாகத் தாமான் வரைபவர்கள் நான்கு வீட்டுக்கு ஒரு பொது நடையாவது, கூரையோடு, கால் நீட்டி உட்காரும் அகலத்தில் விடலாம். நிலம் வீணாகும் என்பார்கள். அதைவிடக் குறைந்த நிலத்தில், அதைவிடக் குறைந்த பணத்தில் தோட்டத்தில் அது முடிந்திருக்கிறது.

அப்படி வரைய முதலில் லயத்தின் அளவுகள் கையில் வேண்டும். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் காலாம் மையம் மரபு மலாய்க் கட்டடங்களின் அளவெடுத்த வரைபடங்களைத் திரட்டி வைத்திருக்கிறது. கட்டடக் கலை படிக்கும் நம் பிள்ளைகள் எஞ்சியிருக்கும் லயங்களுக்கும் அளவுநாடாவோடு போக வேண்டும். அஞ்சடியின் அகலம், கூரை இறங்கும் உயரம், கதவுக்கும் கதவுக்கும் உள்ள தூரம், பின்கட்டு அடுப்பங்கரையின் புகைவழி. எல்லாவற்றையும், அந்த அறைகளின் நெருக்கத்தையும் சேர்த்தே வரைய வேண்டும்.