முதியோர் விழுவதற்கு வழுக்கும் தரை மட்டுமே காரணமா?

வயது முதிர்ந்தவர் ஒருவர் கீழே விழுந்துவிட்டால், ஈரத் தரையையோ மங்கலான வெளிச்சத்தையோ தேய்ந்த செருப்பையோ குறைகூறுவது வழக்கம். அவையும் காரணங்களே. ஆயினும், அதே தரையில் கால் வழுக்கிய இளைஞர் பெரும்பாலும் சமாளித்து நின்றுவிடுகிறார். தடுமாறும் உடலை நிலைநிறுத்துவதில் தொடை, இடுப்புத் தசைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அத்தசைகள் தேயாதிருக்க நடமாட்டமும் பயிற்சியும் வேண்டும். போதிய உணவும் வேண்டும்.

“வயதான உடம்புக்கு இரண்டு வாய் போதும்” என்னும் எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றியுள்ளது. பல்லின்மை, பசிக்குறைவு, தனிமை ஆகியவற்றால் களமருதூர் போன்ற சிற்றூர்களில் வாழும் முதியோர் சிலரின் இரவு உணவு, கஞ்சியும் ஊறுகாயுமாகச் சுருங்கிவிடுகிறது. கல்வராயன் மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கு வயிற்றை நிறைக்கும். ஆனால் 100 கிராம் கிழங்கில் ஏறத்தாழ 1 கிராம் புரதமே உண்டு. வயது கூடக்கூட உடலுக்குத் தேவையான எரிசக்தி குறையலாம்; புரதத் தேவை குறைவதில்லை.

50 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் புரதம் தேவை. 200 கிராம் அரிசி, 50 கிராம் துவரம்பருப்பு, ஒரு முட்டை, இரண்டு தம்ளர் பால் அல்லது தயிர், ஒரு கை கொள்ளுச் சுண்டல் ஆகியவை சேர்ந்தால் ஏறக்குறைய 50 கிராம் கிடைத்துவிடும். மெல்ல இயலாதவருக்குப் பருப்பையும் சுண்டலையும் குழைய வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். இதனை ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று வேளைக்கும் பகிர்ந்தளியுங்கள். சிறுநீரக நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

விழுந்தாலும் எலும்பு முறியாதிருக்கக் கால்சியம் உதவும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் அதிகமான கால்சியம் உள்ளது. அதை உடல் ஏற்க வைட்டமின் டி தேவை; வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியோர்மீது நாள்தோறும் சற்று நேரம் வெயில் படட்டும்.

சர்க்கரை நோய் மாத்திரையை விழுங்கிவிட்டு உணவைத் தவிர்ப்பது ஆபத்தானது. சர்க்கரை அளவு தாழ்ந்து, இரவில் கழிப்பறைக்கு எழும்போது மயங்கி விழ நேரிடலாம். நெடுங்காலம் மெட்ஃபார்மின் உட்கொள்வோருக்கு வைட்டமின் பி12 குறைந்து, கால் மரத்துத் தடுமாற்றம் வரக்கூடும். எளிய இரத்தப் பரிசோதனையால் அதை அறியலாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். பெரியவரைச் சுவரோரம் அசையாத நாற்காலியில் அமர்த்தி, கைகளை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து அமரச் சொல்லுங்கள். ஒருவர் அருகிலேயே நிற்க வேண்டும். 15 விநாடிக்கு மேலானாலோ, எழ முடியாமற்போனாலோ, கால் தசைகள் தளர்ந்திருக்கக்கூடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கீழே விழுவதால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் உயிரிழக்கின்றனர். இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் பலர் பழையபடி தனித்து நடமாடுவதில்லை. நடமாட்டத்தைத் தடுத்துவிடுவார்களோ என அஞ்சி, விழுந்ததையே மறைப்போரும் உண்டு. ஆகவே கடிந்துகொள்ளாமல் பரிவோடு கேளுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது மாத்திரைச் சீட்டுடன் மூன்று செய்திகளையும் கொண்டு வாருங்கள்: இவ்வாண்டில் எத்தனை முறை விழுந்தார், எடை எவ்வளவு குறைந்தது, நேற்றிரவு என்ன சாப்பிட்டார்.