அரை மில்லிமீட்டர் தேக்கு

கடைக்கால் முதல் கதவு வரை – 23

எங்கள் படுக்கையறை அலமாரிக்கு நேர்ந்த விபத்திலிருந்து தொடங்குகிறேன். கதவுகளுக்கு வெனீர் ஒட்டி முடித்தாகிவிட்டது. மறுநாள் பாலிஷ். ஆசாரி டீ குடிக்கக் கீழே இறங்கியிருந்தார். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன், அவர் வருவதற்குள் கொஞ்சம் வேலையை முடித்துக் காட்டலாம் என்று தேய்க்கும் மெஷினை எடுத்து இரண்டாவது கதவின் ஓரத்தில் ஓட்டினான். பத்து விநாடிதான் இருக்கும். பொன்னிறத் தேக்குக்கு நடுவே ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வெளிறல் எட்டிப் பார்த்தது. அடியில் இருந்த பிளைவுட்!

ஆசாரி வந்தார். நாகர்கோவில்காரர், சத்தம் போடும் ஆள் இல்லை. கட்டைவிரலால் அந்த இடத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "முழு மரம்னா இழைப்புளி போட்டுச் சரி பண்ணிரலாம் சார். இது தோலு. உரிஞ்சா உரிஞ்சதுதான்" என்றார்.

வெனீர் என்றால் என்ன என்று ஒரு மாதம் கடை கடையாக அலைந்து கேட்டும் எனக்குக் கிடைக்காத விளக்கம் அது. மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு மூட மறுக்கும் வாசல் கதவை, ஆசாரி நாலு இழுப்பு இழைத்துச் சரிசெய்வதைப் போன வாரம் எழுதியிருந்தேன். கனத்த மரம் நம் தப்பைப் பொறுத்துக்கொள்ளும். வெனீரில் அதற்கு இடமில்லை. பசை தடவிய பிறகு யோசித்துப் பயனில்லை என்பதால், உளிக்குக் கொடுக்கவேண்டிய உழைப்பைக் கண்ணுக்குக் கொடுத்தாக வேண்டும். அப்படி முன்கூட்டியே எடுக்கவேண்டிய முடிவுகள் சில இருக்கின்றன. இந்த வாரம் அவற்றைத்தான் பார்க்கப்போகிறோம்.

மரம் தோலான கதை

செட்டிநாட்டு வீடுகளுக்குள் போனவர்களுக்குத் தெரியும்: கட்டிப்பிடிக்கத் தோன்றும் தூண்கள், அண்ணாந்து பார்க்க வைக்கும் உத்தரங்கள், நாலு பேர் தூக்கவேண்டிய கதவுகள். பெரும்பாலும் பர்மாத் தேக்கு. நகரத்தார் அங்கே வணிகம் செய்த காலத்தில் முழு மரமாகவே கப்பலில் வந்து இறங்கியது. இன்று அந்த வாசல் அடைந்துவிட்டது. 2014 ஏப்ரல் 1 முதல் மரத்தைத் தடியாக ஏற்றுமதி செய்வதற்கு மியான்மர் தடை போட்டுவிட்டது.

உள்நாட்டுக் கதை இன்னும் சுவாரஸ்யமானது. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, 1995-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போட்டார். நம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பக்கம் காடு அழிவதைத் தடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. அதில் 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு, கூடலூரைத் தாண்டி நாடு முழுவதும் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. வடகிழக்குக் காடுகளை நம்பியிருந்த அசாம் பிளைவுட் ஆலைகள் படுத்துவிட்டன. 1840-களில் மலபார் கலெக்டர் கானலி தேக்குத் தோட்டம் போட்ட ஊரும் இதே நிலம்பூர்தான். தேக்கை நட்டு வளர்த்த ஊரிலிருந்தே காட்டு மரத்துக்குக் காவலும் வந்தது.

இன்று பிளைவுட் என்றால் ஹரியானாவின் யமுனாநகரும் கேரளத்தின் பெரும்பாவூரும். அங்கே வயலோரத்தில் வளரும் பாப்ளரும் யூகலிப்டஸும், இங்கே பால் வடிந்து ஓய்ந்த ரப்பர் மரமும் பிளைவுட் ஆகின்றன. சில வருடங்களில் வளரும் மரம் உடம்பாக, பல பத்தாண்டுகள் நின்ற தேக்கு தோலாக மேலே உட்கார்ந்திருப்பதுதான் வெனீர் போட்ட அலமாரி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அங்குலக் கனமுள்ள பலகை 25.4 மில்லிமீட்டர். வெனீரின் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஒரு சதுர அடிப் பலகையாகப் போகவேண்டிய மரம், சீவினால் சுமார் 50 சதுர அடியை மூடும். மரத்தை வெந்நீர்த் தொட்டியில் ஊறவைத்து இளக்கி, நீளமான கத்தியால் சீவுகிறார்கள். ரம்பம் படாததால் தூளாகப் போகும் சேதமும் இல்லை. சீவிய இதழ்களைக் காயவைத்து, பக்கத்தில் பக்கம் சேர்த்து, மூன்று நான்கு மில்லிமீட்டர் பிளைவுட்டின் மேல் சூட்டோடு அழுத்தி ஒட்டினால் எட்டுக்கு நாலு அடி ஷீட் தயார். நாம் கடையில் வாங்குவது இதைத்தான்.

கடையில் கேட்க வேண்டியவை

முதல் விதி: உள்ளங்கை அளவு சாம்பிளைப் பார்த்து வெனீர் எடுக்காதீர்கள். மைக்கா அச்சடித்த காகிதம். சாம்பிளில் எப்படியோ ஷீட்டிலும் அப்படியே. வெனீர் மரம். ஒவ்வொரு தடிக்கும் ஒரு முகம். முழு ஷீட்டையும் நிமிர்த்தி வைக்கச் சொல்லி, முடிந்தால் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் செய்து, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கடைக்குள் இருக்கும் மஞ்சள் விளக்கில் எல்லாத் தேக்கும் அழகுதான்.

இரண்டாவது, எப்படிச் சீவியது என்று கேளுங்கள். 'கிரவுன் கட்' என்றால் ரேகைகள் மலைமுகடுகள்போல ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். 'குவார்ட்டர் கட்' என்றால் பாவு நூல்போல நேராக ஓடும். முகடுகள் ஒரு பெரிய சுவருக்கோ கட்டிலின் தலைப்பலகைக்கோ எடுப்பாக இருக்கும். எட்டு இழுப்பறைகள் வைத்த மேஜையில் அதையே ஒட்டினால் முகடுகள் துண்டு துண்டாக வெட்டுப்பட்டுக் கண்ணை உறுத்தும். அங்கே நேர் ரேகைதான் தோது.

மூன்றாவது, வரிசை எண். ஒரே தடியிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய இதழ்களில் ரேகை அச்சு அசலாகத் தொடரும். அப்படிச் செய்த ஷீட்களுக்குப் பின்பக்கம் எண் இருக்கும். ஆறடி அகல அலமாரிக்கு இரண்டு ஷீட் வேண்டுமானால், அடுத்தடுத்த எண்ணாகக் கேட்டு வாங்குங்கள். "இப்ப ஒண்ணு எடுத்துட்டுப் போறேன், பத்தலன்னா அப்புறம் வர்றேன்" என்பது வெனீரில் நடக்காது. அப்புறம் போகும்போது அந்தத் தடி தீர்ந்திருக்கும். சேதாரத்துக்கும் சேர்த்து ஒரே தடவையில் எடுப்பதே லாபம். பரண் கதவிலிருந்து கீழ்க்கதவு வரை ரேகை அறுபடாமல் இறங்க வேண்டுமா? ஏழடிக் கதவும் இரண்டடிப் பரணும் சேர்ந்தால் ஒன்பது அடி. எட்டடி ஷீட் எட்டாது. பத்தடி ஷீட்களும் கிடைக்கின்றன. ஆசாரி அளவெடுக்கும் அன்றே இதைப் பேசிவிடுங்கள்.

நான்காவது, 'ரீகான்'. சீக்கிரம் வளரும் மென்மரத்தை உரித்துச் சாயமேற்றி, அடுக்கி ஒட்டிக் கட்டையாக்கி, மறுபடி சீவுவது. வால்நட், கருங்காலி என்று என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். இதுவும் மரம்தான், ஏமாற்று வேலை என்று ஒதுக்கத் தேவையில்லை. ஷீட்டுக்கு ஷீட் வித்தியாசம் இல்லாமல் ஒரே சீராக வேண்டும் என்பவர்களுக்கு நல்ல தேர்வு. ரீகான் விலையில் விற்றால் சரி, அசல் மரத்தின் விலையில் விற்றால்தான் தகராறு. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ரேகையைப் பின்தொடர்ந்து பாருங்கள். ஒரே கோலம் சில அங்குலத்துக்கு ஒருமுறை திரும்பி வந்தால் அது காட்டில் விளைந்தது இல்லை. அசல் வெனீர் என்றால் பில்லில் 'நேச்சுரல்' என்று எழுதி வாங்குங்கள். ஈட்டி மரம் கேட்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டியைக்கூட நினைத்தபடி வெட்ட முடியாதபடி தமிழ்நாடு 1994-இல் சட்டம் கொண்டுவந்தது. மலிவாக ஒருவர் 'ஈட்டி' கொடுத்தால் சந்தேகப்படுவதே நியாயம்.

ஐந்தாவது, ஈரத்துணி. கடையில் பார்க்கும் நிறம் பாலிஷுக்குப் பிறகு இருக்காது. ஒரு மூலையில் ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால், அந்த இடம் கறுக்கும். பாலிஷ் ஏறிய மரம் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும்.

ஒட்டும் நாள்

அடியில் இருக்கும் பிளைவுட் மோசமென்றால் மேலே தேக்கு ஒட்டியும் புண்ணியமில்லை. ஐஎஸ் 303, தண்ணீருக்கு இன்னும் அதிகம் தாங்கும் ஐஎஸ் 710 என்ற முத்திரைகளைப் பார்த்து எடுங்கள். ஏழடிக்கு உயரும் கதவுகளுக்குப் பல ஆசாரிகள் பிளாக்போர்டைத்தான் சொல்வார்கள். அது லேசில் வளையாது.

பலர் கஞ்சத்தனம் காட்டுவது கதவின் உள்பக்கத்தில்தான். வெளிப்பக்கம் மட்டும் வெனீரை ஒட்டி, "உள்ள யார் பாக்கப் போறாங்க?" என்று வெறுமனே விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் மூடி மறுபக்கம் திறந்திருந்தால், காற்றின் ஈரத்தை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வாங்காது. அடுத்த மழைக்காலத்தில் கதவு வில்லாக வளைந்து நிற்கும். உள்ளே விலை குறைந்த ஷீட்டாவது ஒட்டியே ஆகவேண்டும்.

பசை எல்லா இடத்திலும் சமமாகப் பரவ வேண்டும். ஒட்டியபின் பாரம் ஏற்றிக் காயவிட வேண்டும். அவசரப்பட்டுப் பாரத்தை இறக்கினால் பிறகு அங்கங்கே கொப்புளம் எழும். கதவின் ஓரங்களுக்குக் கனத்த தேக்குப் பட்டி அடிப்பது நல்லது. கையும் சாவியும் துடைப்பமும் இடிப்பது ஓரத்தில்தான்.

பாலிஷ்

வெனீர் விலையை மட்டும் மனதில் வைத்துப் பட்ஜெட் போட்டவர்கள் பாலிஷ்காரர் கூலி சொல்லும்போது திகைப்பார்கள். வெனீரையும் பாலிஷையும் ஒரே செலவாக எண்ணுங்கள். மைக்காவில் இந்த வேலையே கிடையாது என்பதையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

முதலில் தேய்ப்பு. "ஓரத்துக்கு மெஷின் ஆகாது. உப்புத்தாள ஒரு கட்டையில சுத்திக் கையால தேய்க்கணும், ரேகை போற வழியிலயே" என்பது எங்கள் ஆசாரியின் சட்டம். குறுக்கே தேய்த்த கீறல்கள் அப்போது கண்ணுக்குத் தெரியாது. நிறம் ஏற்றியதும் ஒவ்வொன்றாகக் கிளம்பும். பிறகு சீலர், மறுபடி தேய்ப்பு, அதன்மேல் மெலமைன் அல்லது பியூ எனப்படும் பாலியூரித்தேன். அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சால் ஒற்றும் பழைய பிரெஞ்சு பாலிஷ் அழகுதான். சூடான டம்ளரை வைத்தால் வட்டம் விழும் என்பதால் சாப்பாட்டு மேஜைக்கு ஆகாது. அங்கே பியூதான் தாக்குப்பிடிக்கும்.

மீதமான வெனீர்த் துண்டிலேயே முழுப் பாலிஷையும் ஏற்றிக் காட்டச் சொல்லி, பிடித்திருந்தால் அதன் பின்பக்கம் தேதியோடு கையெழுத்துப் போட்டு வையுங்கள். "இப்படியா கேட்டோம்?" என்ற பேச்சுக்கு அது ஒன்றே பதில். இன்னொன்று: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாலிஷ் வைக்காதீர்கள். காற்றின் ஈரம் பட்டு, மோர் தெளித்ததுபோல மேற்பரப்பு வெளுத்துப்போகும்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். வால்நட் வெயிலில் வெளுக்கும், செர்ரி கறுக்கும். தேக்கு, ஆரம்பத்தில் திட்டுத்திட்டாக இருந்தாலும் நாளடைவில் ஒரே பொன்பழுப்புக்கு வந்து சேரும். புது வெனீர்ச் சுவரில் காலண்டரை மாட்டிவிட்டு அடுத்த வருடம் எடுத்தால், அது தொங்கிய செவ்வகம் சுவரில் தெரியும்.

எங்கே வேண்டாம்?

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், குளியலறைக் கதவில், மழைச்சாரல் அடிக்கும் பால்கனியில், ஓதம் ஏறும் சுவரில் வேண்டாம். தாளிப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் தினசரி உள்ள நம் சமையலறைக்கு, சோப்புத் தண்ணீரால் துடைக்கக்கூடிய மைக்காவே போதும். கூடத்தில் கண் தங்கும் ஒரு சுவர், பூஜையறைக் கதவு, கட்டிலின் தலைப்பலகை — வெனீரை இப்படி எண்ணி வைத்தால் செலவும் அடங்கும், மரமும் மதிப்பாகத் தெரியும்.

எங்கள் அலமாரிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. அந்த எண்ணில் வேறு ஷீட் கடையில் இல்லை. ஆசாரி ஒரு ராத்திரி யோசித்தார். மறுநாள், பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடையில் ஒரு தேக்கு உத்தரத் துண்டு வாங்கிவந்து பட்டிகளாக அறுத்தார். அடிபட்ட கதவின் ஓரத்தை ஒன்றரை அங்குலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு அதில் பட்டியைப் பதித்தார். ஒரு கதவுக்கு மட்டும் பட்டி இருந்தால் ஒட்டுப்போட்டதுபோல இருக்கும் என்று, சேதமில்லாத மற்ற மூன்று கதவுகளையும் அதேபோல வெட்டினார். அதற்குத் தனியாகக் கூலி வாங்கவில்லை.

நான்கு வருடமாகிறது. வெனீர் பொன்னிறத்துக்கு வந்துவிட்டது. பட்டி மட்டும் ஒரு சாயல் கறுத்தே இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் டிசைன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பையன் இப்போது தனியாக வேலை எடுத்துச் செய்கிறான். போன மாதம் தெரிந்தவர் வீட்டில் அவனைப் பார்த்தேன். நடுப்பகுதியை மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தவன், ஓரத்துக்கு வந்ததும் சுவிட்சை அணைத்தான். உப்புத்தாளைக் கட்டையில் சுற்றிக்கொண்டு, ரேகை போகும் வழியில் கையால் தேய்க்கத் தொடங்கினான்.

(அடுத்த வாரம்: கீல், கைப்பிடி, பூட்டு)