சிறு சுமை வண்டிக்குச் சிக்கனமான ஸ்டெப்னி

காய்கறி, பூ, பழம் போன்ற விரைவில் அழுகும் பொருள்களை விளைவிக்கும் உழவர் பலர் இன்று சொந்தமாகவோ, உறவினருடன் கூட்டாகவோ சிறு சுமை வண்டி வைத்துள்ளனர். 2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் விற்பனைக்கு வந்த பின்னர் இவ்வகை வண்டிகள் சிற்றூர்களிலும் பெருகின. சந்தைக்குப் போக வண்டி கிடைத்தது. கூடவே டயர் செலவும் சேர்ந்தது. ஓடுகின்ற நான்கு சக்கரங்களுக்கு யோசித்துச் செலவிடும் உழவர்கள் ஐந்தாவது சக்கரத்தைப் பற்றி நினைப்பதில்லை. ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் வண்டி வழியில் நின்று, ஏல நேரம் தவறிவிட்டால், ஒரு டயரின் விலைக்கு மேலேயே அன்று ஒரு நடையில் இழக்க நேரிடும்.

ஸ்டெப்னி என்ற சொல் இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸ் நாட்டிலிருந்து வந்தது. அங்கு லனெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவில் 1904-ஆம் ஆண்டில் இத்தகைய உதவிச் சக்கரத்தை உருவாக்கினர். அந்நாட்டவர் அச்சொல்லைப் பெரும்பாலும் மறந்துவிட்டனர். நம் ஊர்ப் பஞ்சர் கடைகளில் அது இன்றும் வழங்குகிறது.

குறைந்த செலவில் ஸ்டெப்னி தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது விலையன்று, தாங்கும் எடையே. டயரின் பக்கச்சுவரில் அளவை அடுத்து ஓர் இரண்டு அல்லது மூன்று இலக்க எண் அச்சாகியிருக்கும். அது கிலோ அன்று, எடைக் குறியீடு. 69 என்றால் அந்த டயர் 325 கிலோ தாங்கும். 80 என்றால் 450 கிலோ. 86 என்றால் 530 கிலோ. மாருதி 800 காரின் டயரும் 12 அங்குலம், டாடா ஏஸின் டயரும் 12 அங்குலம். ஆதலால் கார் டயர் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி மாட்டுவோர் உண்டு. அந்தக் கார் டயரின் குறியீடு 69 மட்டுமே. சுமையுடன் வண்டியின் பின் அச்சில் 900 கிலோ விழுகிறது என்று கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 450 கிலோ. 325 கிலோ தாங்கும் டயர் அங்கே சூடேறி வெடிக்கும். சுமை வண்டி டயரில் அளவுக்குப் பின் எல்.டி. என்ற எழுத்துகளும், 8 பி.ஆர். என்பது போன்ற பலக் குறியும் இருக்கும். வண்டியுடன் வந்த டயரில் உள்ளதற்குக் குறையாத குறிகள் ஸ்டெப்னியிலும் இருத்தல் வேண்டும். ரிம்மைத் தனியாக வாங்கினால் போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் பொருந்துகின்றனவா என்று வண்டியில் மாட்டிப் பார்த்த பின்னரே பணம் கொடுக்கவும்.

எல்லாவற்றிலும் சிக்கனமான வழி, ஸ்டெப்னிக்கெனத் தனியாக டயர் வாங்காமலிருப்பதே. புது வண்டியுடன் வந்த ஐந்தாவது டயரைப் பலர் ஒரு நாளும் ஓட்டாமல் வண்டிக்கடியில் தொங்கவிட்டே வீணாக்குகின்றனர். பின் டயர்கள் தேய்ந்து, பட்டன் ஆழம் 3 மில்லிமீட்டர் அளவுக்கு வரும்போதே மாற்றத் திட்டமிட வேண்டும். அப்போது அதே அளவில் புது டயர் ஒன்று மட்டும் வாங்கி, வெடிப்பில்லாத பழைய ஸ்டெப்னியுடன் ஜோடி சேர்த்துப் பின் அச்சில் போடலாம். கழற்றிய இரண்டில் நல்லது ஸ்டெப்னியாகும். ஒரு டயரின் விலை மிச்சம். முற்றிலும் தேயும்வரை ஓட்டிவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். பட்டன் பள்ளங்களின் அடியில் சிறு மேடுகள் உண்டு. பட்டன் அம்மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்தால் மிஞ்சியது 1.6 மில்லிமீட்டர்தான். அந்த டயர் ஸ்டெப்னிக்கும் உதவாது.

பழைய டயர் கடையில் வாங்குவதாயின் பகல் வெளிச்சத்தில் வாங்கவும். கறுப்புச் சாயம் பூசிப் பளபளக்கும் டயரைத் துணியால் துடைத்து, பக்கச்சுவரை விரலால் அழுத்தி மயிர்வெடிப்பு உள்ளதா என்று நோக்குக. புடைப்பு இருந்தால் உள்ளே நூல் அறுந்துள்ளது என்று பொருள். உட்புறத்தையும் தடவிப் பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் ஒட்டுப் போட்ட டயரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளம் வெட்டிப் புதிதுபோல விற்பதும் உண்டு. அதில் மேற்சொன்ன சிறு மேடுகளும் வெட்டுப்பட்டுக் காணாமற் போயிருக்கும்.

டயரின் வயதைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்றுண்டு. 2319 எனில் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. 10 ஆண்டு கடந்த டயரை, ஓடாமல் இருந்த ஸ்டெப்னியாயினும், கழித்துவிடுமாறு டயர் தயாரிப்பாளர் பலர் கூறுகின்றனர். ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மூப்படையும்.

ரீட்ரேடு டயர் மலிவானது, பின் அச்சுக்குத் தகுதியானது. ஆனால் முன் சக்கரத்தில் போடலாகாது. முன் சக்கரம் பஞ்சரானால், பின்னாலுள்ள நல்ல டயரை முன்னுக்கு மாற்றி, ரீட்ரேடைப் பின்னால் மாட்ட வேண்டியிருக்கும். நள்ளிரவில் இந்த இரட்டை வேலைக்கு ஆள் உண்டா என்று எண்ணிப் பார்த்து வாங்குவது நலம். ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலானும் மறுபக்கம் ரேடியலும் போடுவதைத் தவிர்க்கவும். அளவில் சிறிது வேறுபட்ட ஸ்டெப்னி பின் அச்சில் இருந்தால் டிபரென்ஷியல் பற்சக்கரங்கள் ஓயாமல் சுழன்று தேயும். ஆகையால் மெதுவாக ஓட்டி, பஞ்சர் ஒட்டியவுடன் பழைய சக்கரத்தையே மாட்டிவிட வேண்டும்.

வாங்கிய ஸ்டெப்னியில் காற்று மெல்ல இறங்கும். மாதம் ஒருமுறை, சுமையுடன் பின் சக்கரத்துக்குக் கைப்புத்தகம் சொல்லும் அளவுக்கு நிரப்பி வைக்கவும். வழியில் காற்றை இறக்குவது எளிது, ஏற்றுவது அரிது. உரமூட்டை ஏற்றிய நாள்களில் சிந்திய உரம் ஸ்டெப்னியின் ரிம்மையும் தொங்கும் சங்கிலியையும் அரிக்குமாகையால், வண்டியின் அடிப்பக்கத்தையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுக. ஜாக்கி, வீல் ஸ்பேனருடன் ஓர் அடி சதுரக் கனமான பலகை ஒன்றும் வண்டியில் இருக்கட்டும். மழைக்கால வண்டிப்பாதையில் பலகையின்றி வைத்த ஜாக்கி, வண்டியைத் தூக்காமல் தானே மண்ணில் இறங்கிவிடும்.